டைம்கீப்பர் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு என் போன் அடிக்கும். பெயரைப் பார்க்க வேண்டியதே இல்லை, அவர்தான். பின்னால் பஸ் ஹாரன், கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைக் கூவுகிற சத்தம். அதற்கெல்லாம் மேலே அவர் குரல்.

"டீச்சர், ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. ரெண்டாவது பாட்டத் தூக்கிடுங்க. நாலாவத முன்னாடி கொண்டாந்துடுங்க. நாலாவது எடத்துக்கு இன்னான்னு நான் வந்து சொல்றேன்."

ஆராதனை ஒன்பது மணிக்கு. பாட்டு வரிகளை லேப்டாப்பில் வரிசைப்படுத்தி, திரையில் காட்டுவது என் வேலை. சனிக்கிழமை மாலையே முடித்து, இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருப்பேன். அவருக்குப் பத்து நிமிஷத்தில் அத்தனையும் மாற வேண்டும்.

செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் சபை. தகரக் கூரை, நூற்றிருபது பிளாஸ்டிக் நாற்காலி. பாடல் குழு என்று சொன்னால் நாங்கள் நாலு பேர். அவர் முன்னால் நின்று பாட்டை நடத்துவார். ஸ்டீபன் கீபோர்டு. ஜெசிந்தா கூடப் பாடுவாள். நான் திரை. அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர், எந்த பஸ் எந்த நிமிஷம் கிளம்ப வேண்டும் என்று குறித்து அனுப்புகிறவர். சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர் அண்ணன்தான். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு பிரிவுகளுக்கு டைம்டேபிள் போடுவதும் என் தலையில்தான். ஒரு பீரியடை நகர்த்தினால் பதினோரு இடத்தில் இடிக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தவள். அதனால் அவரோடு ஆறு வருஷம் ஓட்டியது எனக்கே ஆச்சரியம்.

ஒல்லியாக, உயரமாக இருப்பார். காலை டூட்டி முடித்து நேராக வந்தால் யூனிஃபார்ம் சட்டைக்கு மேலேயே ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டியிருப்பார். குரலுக்காக எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. பிரசங்க நேரத்தில்கூட உட்கார மாட்டார். வாசல் கதவை ஒட்டி நின்றுகொண்டு, உள்ளே யார் வருகிறார்கள், யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஜெபம் பண்ணும்போது குரல் தானாக மைக் அறிவிப்புக்குப் போய்விடும். பரலோகம் போகிற வண்டி பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பப் போவது போல இருக்கும். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "பஸ்ஸெல்லாம் டைமுக்கு அனுப்பறீங்களே அண்ணா, இங்க மட்டும் ஏன் இப்படி?"

"பஸ்ஸா? யார் சொன்னது? ஒரு டிரைவர் வரல, ஒரு டயர் போச்சு, பௌர்ணமி கூட்டம் ஜாஸ்தி, அதுக்குத் தகுந்தாப்ல மாத்திக்கினே இருக்கறதுதான் டீச்சர் என் வேலை. சார்ட்டுல இருக்கற மாதிரியே அனுப்பணும்னா அதுக்கு ஒரு ஆளே தேவையில்ல. பஸ் ஸ்டாண்டுலயும் சபை வாசல்லயும் நின்னு ஆளப் பாக்காம லிஸ்ட்ட எப்படிப் போடறது?"

அவர் சொல்வது சில ஞாயிறுகளில் சரியாகவும் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு முறை பக்கத்தில் லாட்ஜ் கட்ட வந்திருந்த ஒடிசாக்காரர்கள் ஒன்பது பேர், குளித்து, தலை வாரி, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு எழுத்தும் புரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் அவர் மைக்கோடு இறங்கிப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் கற்ற இந்தியில் "கானா? கானா?" என்று கேட்டார். பாட்டைத்தான் கேட்டார், இந்தியில் சாப்பாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே சத்தம். அவர்கள் சாப்பாடு என்று நினைத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, ஆயிற்று ஆயிற்று என்று கூச்சத்தோடு தலையாட்டினார்கள். அவர் இரண்டு வரி பாடிக் காட்டி, மைக்கை நீட்டினார். அவர்களில் ஒருவர் எழுந்தார். பிறகு ஒன்பது பேரும் எழுந்தார்கள். அவர்கள் மொழியில் கால் மணி நேரம் பாடினார்கள். என் திரை வெறுமையாக வெள்ளையாக நின்றது. மூன்று பாட்டுக்குச் செய்த ஸ்லைடு வீண். ஆனால் அன்று யாரும் திரையைப் பார்க்கவில்லை.

ஆனால் ஸ்டெல்லாவுக்கு நடந்ததை அப்படி விட முடியவில்லை.

ஸ்டெல்லா ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை செய்தாள். நாற்பது வயதுக்கு மேல். சபையில் வாய் திறந்து அதிகம் பேசியதே இல்லை. அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அவளாகவே வந்து கேட்டாள். ஆறு வாரம் பயிற்சி. வேலை முடித்து வியர்வையோடு வந்து, ஸ்டீபன் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பாடுவாள். பண்டிகையன்று புதுப் புடவை. கெஸ்ட் ஹவுஸ் முதலாளியம்மாவையும் கூட வேலை செய்கிறவர்களையும் அழைத்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

அன்று வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த பஸ் எத்தனை மணிக்கு என்று சபையிலேயே சரியாகத் தெரிந்த ஒரே ஆள் டைம்கீப்பர் அண்ணன். ஸ்டெல்லா மேடைப் படியில் கால் வைத்துவிட்டாள். அவர் என்னைப் பார்த்து விரலால் காற்றை வெட்டினார். பிரசங்கத்துக்குப் போங்கள் என்று அர்த்தம். நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். ஸ்டெல்லா பாட்டின் தலைப்பு ஒரு நொடி திரையில் வந்து போய்விட்டது. அவள் படியிலேயே நின்றாள். பிறகு, ஏதோ எடுக்க வந்தவள் போல, பூச்சாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கினாள்.

அதோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் அவர் கவனித்தார். "ஸ்டெல்லாவக் காணமே?" என்றார். அன்றுதான் நான் கத்தினேன், பாஸ்டர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல்.

"ஆறு வாரம் பாடிப் பழகினாங்க அண்ணா. வேலை செய்யற எடத்துல இருந்து ஆளக் கூட்டிட்டு வந்தாங்க. உங்களுக்கு ஒரு விரல ஆட்டினா முடிஞ்சுது."

அவர் முகம் வெளிறிவிட்டது. உண்மையிலேயே அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று மாலையே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் போனார். மூன்று முறையும் அவள் தங்கைதான் வாசலுக்கு வந்து, அக்கா இல்லை என்று சொன்னாளாம். மூன்றாவது முறை உள்ளே குழாயடியில் ஸ்டெல்லாவின் செருப்பைப் பார்த்ததாகச் சொன்னார்.

பாடல் குழுவின் அடுத்த கூட்டத்தில் அவரே சட்டம் போட்டார். "வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு லிஸ்ட் மூடிடுவோம் டீச்சர். அதுக்கு மேல நான் இன்னா சொன்னாலும் நீங்க கேக்காதீங்க." நான் அதை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, சபைச் சுவரில் ஒட்டினேன்.

பதினான்கு ஞாயிறு அவர் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினார். பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. வாசலில் நிற்பார். யாராவது உள்ளே வருவார்கள். அவர் கை சட்டைப்பையில் இருக்கிற போனுக்குப் போகும், பாதியில் நின்று, கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். பாடும்போது கண் கூட்டத்தில் அலையும், வாய் என் திரையைப் பின்பற்றும். எனக்கோ எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டு ஐம்பதுக்குப் போன் இல்லை. ஒரு வேலையும் இல்லாமல் ஒன்பது மணிக்காகக் காத்திருந்தேன். அந்த அமைதி பழக்கமே ஆகவில்லை.

பிறகு குழந்தைகள் ஞாயிறு வந்தது.

அந்த வருஷம் சபையில் பிறந்த குழந்தைகளின் படங்களைத் திரையில் காட்ட வேண்டும், அதோடு சேர்ந்து ஒரு மெல்லிய பாட்டு. என் யோசனைதான். மூன்று வாரம் வீடு வீடாகப் படம் கேட்டு வாங்கினேன். கடைசிப் படம் கிரேஸுடையது. கிரேஸ் ஆட்டோ ஓட்டும் டேனியலின் மனைவி, முதல் குழந்தைக்காகக் காத்திருந்தாள். வளைகாப்பில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். முழங்கைவரை வளையல், ஒரு கை வயிற்றின்மேல். "உன் படந்தான் கடைசி. அதுக்குக் கீழ 'விரைவில்'னு போடப் போறேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பத்து நாள் முன்னால், எட்டாம் மாதத்தில், குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. நான் வியாழக்கிழமை உட்கார்ந்து அந்த ஸ்லைடை எடுத்தேன். படத்தையும் லேப்டாப்பிலிருந்து அழித்தேன், போனிலிருந்தும் அழித்தேன். தவறி எங்காவது வந்துவிடக் கூடாதே என்று. கவனமாகத்தான் இருந்தேன்.

அவர்கள் ஒரு மாதத்துக்கு வெளியே வர மாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். அன்று பௌர்ணமி வேறு. முந்தின நாளே கிரிவலம் தொடங்கி, காலையிலும் ரோடு நிறைந்திருந்தது. வண்டி எதுவும் விடவில்லை. முதல் பாட்டு நடக்கும்போது கிரேஸும் டேனியலும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அவர் பார்த்தார். பாடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நானும் அவர்களைப் பார்த்திருந்தேன். என் விரல் பட்டன்மேல் இருந்தது. அடுத்தது குழந்தைகள். பதினொரு குடும்பங்கள் புதுத்துணி போட்டு, கைக்குழந்தைகளோடு, திரையில் தங்கள் படம் வர முன்வரிசையில் காத்திருந்தார்கள். மூன்று வார வேலை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிரவில்லை. பட்டனை அழுத்தினேன்.

ஒவ்வொரு படத்துக்கும் கைதட்டல். கடைசிப் படம் முடிந்து, வெறும் வேத வசனம் வந்தபோது, பின்னால் நாற்காலி தரையில் உராய்ந்தது. கிரேஸ் எழுந்து வெளியே போனாள். டேனியல் பின்னால் ஓடினான். அவர் பாதி வரியில் பாட்டை நிறுத்தி, மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, நடுவில் நடந்து அவர்களுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஸ்டீபன் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா தனியாகப் பாடி முடித்தாள். நான் லிஸ்டில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டினேன். ஆராதனை சரியாகப் பத்தரைக்கு முடிந்தது. பாஸ்டர் என்னிடம் வந்து, "இன்னிக்குத்தாம்மா கரெக்ட் டைமுக்கு முடிஞ்சிருக்கு" என்றார். நல்ல மனுஷன், பாராட்டத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. அவருக்கு மதியம் டூட்டி என்று தெரியும். பௌர்ணமிக்காக செங்கம் ரோட்டில் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போட்டிருந்தார்கள். நடந்தே போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று நினைக்கிறேன். பாதிப் பாட்டில் விட்டுவிட்டுப் போகிறவரோடு எப்படி ஒரு குழு நடத்துவது என்று வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன்.

ஷாமியானாவுக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு மைக், சார்ட். என்னைப் பார்த்ததும் மைக்கை அணைத்தார்.

"அவங்களக் கொண்டு போய் வீட்ல உட்டுட்டு வந்தேன் டீச்சர்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா. ஒரு சைகை காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேன்." பொய் சொல்கிறேன் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"பாத்தேனே."

"நானும் பாத்தேன்."

அவர் கோபப்படவில்லை. "சட்டத்துக்காக நிக்கல டீச்சர் நான். பயந்துட்டேன். பதினோரு வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க. ஸ்டெல்லா மூஞ்சி வந்து நின்னுச்சு. இதுவும் தப்பாயிடுச்சுன்னா? முன்னெல்லாம் இப்படி யோசிச்சதே இல்ல நான்."

நின்று, சார்ட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஆனா நாம ரெண்டு பேரும் நெனச்சது தப்பு. அந்தப் பொண்ணு கொழந்தைங்களப் பாத்துட்டு எழுந்து போகல. அவ போட்டோ வரலன்னு எழுந்து போச்சு."

எனக்குப் புரியவில்லை.

"வழில நான் கேட்டேன். ஏம்மா வந்தே, வீட்ல இருந்திருக்கலாமேன்னு. நீங்க கடைசி போட்டோ அவளுதுன்னு சொல்லியிருந்தீங்களாமே. அதப் பாக்கத்தான் வந்துச்சாம். வீட்ல எல்லாரும் சேந்து அவ போன்லயும் டேனியல் போன்லயும் இருந்த வளைகாப்புப் படத்தையெல்லாம் அழிச்சுட்டாங்க. பாத்துப் பாத்து அழுவான்னு. அந்தக் கொழந்தைக்குன்னு இருக்கறதே அந்தப் படம் ஒண்ணுதான டீச்சர்?"

நான் போனை எடுத்து அவளுடைய வாட்ஸ்அப்பைத் திறந்தேன்.

"இருக்குதா?" என்றார்.

"அழிச்சுட்டேன் அண்ணா."

அவர் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "அர மணி நேரம் பாத்துக்கோப்பா." பௌர்ணமி டூட்டியில் அவர் மேஜையை விட்டு எழுந்து நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு பேரும் சபைக்கு நடந்தோம். நடந்தோம் என்றா சொல்வது, கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே தோளை நுழைத்து நுழைத்துப் போனோம். வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக எதிரே வந்துகொண்டே இருந்தார்கள். நான் அவர் சட்டையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்தேன். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். அழித்த கோப்புகள் இருக்கும் தொட்டியைத் திறந்தேன். இருந்தது. நான் அதைக் காலி செய்ய மறந்திருந்தேன். படம் திறந்ததும் அவர் "அப்பா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நிமிஷம்தான் உட்கார்ந்தார். உடனே எழுந்து நடக்கத் தொடங்கினார். "டீச்சர், அடுத்த ஞாயிறு மொதல் பாட்டு வேணாம். நேரா இந்தப் படம். லைட்ட அணைச்சுடுவோம். ஸ்டீபன் மட்டும் மெதுவா வாசிக்கட்டும். அப்புறம் பாஸ்டர் ஜெபம்..."

"அண்ணா, அவளக் கேக்கலாமே."

நின்றார். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். டேனியல் எடுத்து, கிரேஸிடம் கொடுத்தான். படம் கிடைத்துவிட்டது என்று அவர் சொன்னார். அடுத்த ஞாயிறு திரையில் காட்டலாமா என்று கேட்டார்.

"அப்போ ஆசையாதான் இருந்துச்சு அண்ணா. இப்ப திரையில வேணாம். எல்லாரும் என்னையத் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு மட்டும் அனுப்புங்க. யாருக்கும் தெரியாம வெச்சுக்கறேன்."

அவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "சரிம்மா. டீச்சர் அனுப்புவாங்க."

அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. பிறகு அவர் டூட்டிக்குப் போனார்.

அந்த வாரம் சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தோம். வேறு சட்டம் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர் ஒரு பத்து வீட்டுக்கும் நான் ஒரு பத்து வீட்டுக்கும் போன் செய்வோம். எப்படி இருக்கிறீர்கள், ஞாயிறு வருகிறீர்களா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு லிஸ்ட். அப்படியும் ஞாயிறு காலை மாற்றுவார். நான் கத்துவேன். ஒருநாள் நானே மாற்றினேன், அவர் கத்தினார். கிரேஸ் இரண்டு மாதம் கழித்து வரத் தொடங்கினாள். ஸ்டெல்லா வரவில்லை. வேறு சபைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். அங்கே பாடுகிறாளா என்று அவர் யாரையோ விட்டு விசாரித்தார். தெரியவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு அவர் வந்தார், லிஸ்டில் இருந்தபடியே பாடினார், எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள்தான் தெரிந்தது, திண்டிவனம் பக்கம் ஒரு டிப்போவுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று. பாஸ்டருக்கு மட்டும் சொல்லியிருந்தார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. போன் செய்யக்கூடாது என்று நாலு நாள் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஞாயிறுக்கான லிஸ்டைத் திறந்தேன். முதல் வரியில், பாடல் நடத்துபவர் என்பதற்கு நேரே அவர் பெயர். அழிக்க வேண்டும். கை போகவில்லை. கடைசியில் அவரையே கூப்பிட்டேன். பின்னால் எனக்குத் தெரியாத ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லியிருந்தா கூட்டம் வெப்பீங்க, சால்வ போடுவீங்க டீச்சர். என்னால அங்க நிக்க முடியாது" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"அதுக்காகக் கூப்பிடல அண்ணா. லிஸ்ட்டுல உங்க பேர் இருக்குது. எடுத்துடட்டுமா?"

யாரோ ஒரு டிரைவருக்கு விசில் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"கேட்டீங்களே, போதும் டீச்சர். எடுத்துடுங்க. ஜெசிந்தா பேரப் போடுங்க. ஸ்டீபன் கிட்ட சொல்லி மொத பாட்டுக்கு சுருதியக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க, அவளுக்கு மேல எட்டாது."

எடுத்தேன். ஜெசிந்தா பெயரைப் போட்டேன். ஸ்டீபனுக்குச் சொன்னேன்.